சுமைக்காளை போகும் சாலை



இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒரு இணைய விளையாட்டுக்குக் கொடுக்கிறேன். பருத்தி விலை, பட்டாசு ஆர்டர், வைப்பாற்றுத் தண்ணீர் என்று இங்கே படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நம் ஊர்ச் சந்தைக்கும் நம் ஊர்ச் சாலைக்கும்தான் வந்து சேரப்போகிறேன்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எழுதிய கடிதம்தான் இதற்குக் காரணம். "கேம் என்றாலே பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்றுதான் எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது. ஒருதடவை நீங்களே உள்ளே வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் அண்ணாச்சி, கூட நான் வருகிறேன்" என்று கேட்டிருந்தார். அவர் சொன்ன விளையாட்டின் பெயர் ஆல்பியன் ஆன்லைன். அவர் சொன்னபடியே உள்ளே போனேன். இன்னும் நான் அங்கே புதிய ஆள்தான். அதனால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு புது ஊரில் போய் இறங்கியவன் முதல் பார்வையில் கண்டதாகப் படியுங்கள்.

இந்த வகை ஆட்டத்துக்கு சாண்ட்பாக்ஸ் என்று பெயர். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் ஆளுக்கொரு வேடத்தில் உலாவுவார்கள். இளவரசியை மீட்க வேண்டும், அரக்கனைக் கொல்ல வேண்டும் என்று யாரும் கதையைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. காடு, மலை, சதுப்பு, சந்தை, கொஞ்சம் சட்டம், இவ்வளவுதான் நிறுவனம் தருவது. மற்றதெல்லாம் ஆடுகிறவர்கள் பாடு. விறகு வெட்டலாம், வாள் அடிக்கலாம், ரொட்டி சுடலாம், சரக்கு ஏற்றி வியாபாரம் பண்ணலாம், வழிப்பறியும் செய்யலாம்.

ஆல்பியனை உருவாக்கியது பெர்லினில் உள்ள சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் என்ற நிறுவனம். 2017 ஜூலை 17-இல் கணினிக்கு வந்தது. 2019 ஏப்ரலில் இலவசமானது. 2021 ஜூனில் கைப்பேசிக்கும் வந்தது. கணினியில் ஆடுகிறவரும் கைப்பேசியில் ஆடுகிறவரும் ஒரே உலகத்தில்தான் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் ஆசியாவுக்கென்று சிங்கப்பூரில் சர்வர் வைத்த பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தடங்கலில்லாமல் ஆட வசதியாயிற்று என்கிறார் நம் இளைஞர். அலைபேசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வந்து அரைமணி நேரம் ஆடுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

உள்ளே போனதும் முதல் சில நிமிடங்களிலேயே மரம் வெட்டச் சொல்கிறார்கள். கல் உடைக்கச் சொல்கிறார்கள். வெட்டியதையும் உடைத்ததையும் வைத்து நாமே ஒரு ஆயுதம் செய்துகொள்ள வேண்டும். வீரன், மந்திரவாதி, வைத்தியன் என்று பிறப்பிலேயே தொழிலை ஒட்டிவிடும் வழக்கம் இங்கே கிடையாது. எதைக் கையில் எடுக்கிறோமோ, எதை உடுத்துகிறோமோ, அந்தத் தொழில் நமக்கு. கோலைக் கீழே வைத்துவிட்டு வில்லை எடுத்தால் அன்றைக்கு வில்லாளி. பிறப்பைப் பார்த்துத் தொழிலை அளந்த ஒரு சமூகத்தில் வளர்ந்த எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

பொருள்களுக்கு எட்டுத் தரம் உண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐந்தாம் தரப் பலகை அறுக்க ஐந்தாம் தர மரம் மட்டும் போதாது. நான்காம் தரப் பலகை ஒன்றும் சேர வேண்டும். அந்த நான்காம் தரப் பலகைக்கு மூன்றாம் தரப் பலகை. இப்படியே கீழே இறங்கிக்கொண்டு போகும். ஆகவே நேற்று வந்த புதிய ஆள் வெட்டிப் போடும் சாதாரண மரத்துக்கும் பெரிய கைகாரர்களிடம் எப்போதும் தேவை இருக்கிறது. நம் பட்டாசுத் தொழிலில் வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் சுருட்டுகிறவர் இல்லாமல் மேலே வானத்தில் பூ விரியாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஆட்டத்தை வகுத்தவர்கள் அந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்டு விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். செய்த பொருளில் செய்தவர் பெயரும் இருக்கிறது. சந்தையில் ஒரு கோடரி வாங்கினால் அதை அடித்தவர் யார் என்று பார்க்கலாம். தீப்பெட்டி லேபிளைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது சந்தைதான்.

லிம்ஹர்ஸ்ட், தெட்ஃபோர்ட், பிரிட்ஜ்வாட்ச், மார்ட்லாக், ஃபோர்ட் ஸ்டெர்லிங் என்று ஐந்து நகரங்கள் சுற்றிலும் இருக்கின்றன. நடுவில் கார்லியன். ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனிச் சந்தை. ஒன்றில் விற்க வைத்த சரக்கு இன்னொன்றில் தெரியாது. தெட்ஃபோர்டைச் சுற்றியுள்ள சதுப்பில் நார்ச்செடி நிறைய விளைகிறது. ஆனால் அந்த நாரைத் துணியாக்குவதற்கு அதிக மிச்சம் கிடைக்கும் ஊர் லிம்ஹர்ஸ்ட். லிம்ஹர்ஸ்ட் இருப்பது காட்டில். அங்கே மரம் ஏராளம். மரத்தைப் பலகையாக்க லாபமான இடமோ மலை மேலிருக்கும் ஃபோர்ட் ஸ்டெர்லிங். வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள். விளைகிற இடமும் பதப்படுத்துகிற இடமும் வேறுவேறாக இருந்தால் நடுவில் யாராவது சுமந்துபோயாக வேண்டும். சுமப்பவன் இருந்தால் சாலைக்கு உயிர் வரும், விலைக்கு வித்தியாசம் வரும், வியாபாரி என்று ஒருவன் பிறப்பான்.

இதைப் பார்த்தபோது எனக்கு விருதுநகர் நினைவு வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மல்லியும் வத்தலும் உளுந்தும் துவரையும் எங்கெங்கோ விளைகின்றன. விலை பேசப்படுவது இங்கே. வாராவாரம் பத்திரிகைகளில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் கடையில் விலை போடும் வியாபாரிகள் எத்தனை ஊர்களில் இருக்கிறார்கள்! இத்தனைக்கும் இது வற்றாத ஆறு பாயும் ஊரில்லை. வானம் பார்த்த கரிசல் பூமி. நிலம் தராததைச் சாலை தந்தது. சிவகாசிக் கதையும் அப்படித்தான். மழை குறைந்த காய்ந்த பூமி விவசாயத்துக்குச் சாபம். அதே காய்ச்சல் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரமானது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சுத் தொழில் வந்தது. தீப்பெட்டி மருந்தில் பழகிய கை பட்டாசுக்குப் போனது. ஒன்றின் தேவையில் இன்னொன்று முளைத்து ஊர் உண்டானது.

ஆல்பியனில் சரக்கு ஏற்ற ஒரு பிராணி உண்டு. சுமைக்காளை! குதிரையில் போனால் வேகமாகப் போகலாம். ஆனால் அதிகம் ஏற்ற முடியாது. காளை மெதுவாகப் போகும். மூட்டை மூட்டையாகச் சுமக்கும். அளவுக்கு மீறி ஏற்றினால் நடை இன்னும் தளர்ந்துவிடும். ஜெர்மனியில் உட்கார்ந்து ஒருவர் வரைந்த காளை அது. அது மூட்டைகளோடு நகர வாசலைத் தாண்டியபோது, கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வடக்கே வந்த மாட்டு வண்டிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வண்டிகளின் கதையைச் சின்ன வயது வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்கோடியிலிருந்து நாடார் வணிகர்கள் இராமநாதபுரம் சீமைக்குள் வியாபாரத்துக்கு வந்தார்கள். வழி நெடுகத் திருட்டுப் பயம். தனி வண்டியாகப் போனால் ஊர் போய்ச் சேருவது நிச்சயமில்லை. அதனால் கூட்டமாகப் போனார்கள். தங்கும் இடங்களில் சுவர் எழுப்பி உள்ளே வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக இருக்க ஏற்பாடு செய்தார்கள். அதுதான் பேட்டை. பேட்டைக்குச் செலவு உண்டு. காவல், கிணறு, சுவர் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு வியாபாரியும் தன் சரக்குக் கணக்கில் ஒரு சிறு பங்கைப் பொதுவில் கொடுத்தார். அதுதான் மகமை. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இப்படித்தான் வணிக ஊர்களாக நிமிர்ந்தன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளிவந்த தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மகமைப் பணம் பேட்டையோடு நிற்கவில்லை. ஊர்ச் சமூகச் சங்கமான உறவின்முறை அதை எடுத்துக் கிணறு வெட்டியது, கோயில் கட்டியது, பள்ளிக்கூடம் வைத்தது. 1889-இல் விருதுபட்டியில் (இன்றைய விருதுநகரில்) தொடங்கிய சத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பள்ளியில்தான் பின்னாளில் காமராஜர் படித்தார்.

இப்போது ஆல்பியனுக்குத் திரும்புவோம். அங்கே நிலம் நான்கு நிறம். நீலத்தில் பயமில்லை. மஞ்சளில் உங்களை அடித்துச் சாய்க்கலாம். உடைமையைப் பறிக்க முடியாது. சிவப்பில் செத்தால் உடுத்தியிருந்தது, கையிலிருந்தது, காளை மேலிருந்தது எல்லாம் பறிபோகும். கறுப்பு மண்டலத்தில் எதிரே எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எச்சரிக்கைகூடக் கிடையாது. நடு நகரமான கார்லியனைச் சுற்றிச் சிவப்பு மண்டலம்தான். கார்லியனில் பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும், போய்ச் சேர்ந்தால்.

நம் இளைஞரின் கூட்டம் ஒன்று அந்தச் சாலையில் சரக்கு கொண்டுபோனபோது நானும் வெறுங்கையோடு பின்னால் போனேன். ஒருவர் முன்னதாக அடுத்த நிலப்பகுதிக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறார். "வழி சும்மா இருக்கு, வாங்க" என்றதும் காளைகள் நகர்கின்றன. "நாலு பேர் நிக்கான், இருங்க" என்றால் எல்லோரும் மரத்தடியில் நிற்கிறார்கள். இழப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் மார்பு படபடத்தது. நகர வாசல் கண்ணில் பட்டதும் கூட்டத்தில் ஒரு பையன் "பேட்டை வந்தாச்சு" என்றான். அவனுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவன் தாத்தா பேட்டைக் கதை சொல்லியிருக்கிறாராம்.

ஆட்டத்தில் இப்படிக் கூடி வாழும் கூட்டத்துக்குக் கில்டு என்று பெயர். கறுப்பு மண்டலத்துக்குள் தங்களுக்கென்று ஒரு பதுங்கிடம் கட்டிக்கொள்ளும் வசதியை 2020 ஜனவரியில் கொண்டுவந்தார்கள். உள்ளே கிடங்கு, சந்தை, பட்டறை. ஆளுக்கு ஆள் தேடும் வெள்ளிக் காசில் கில்டுக்கு ஒரு பங்கு போகும்; எவ்வளவு என்பதைக் கில்டே தீர்மானிக்கும். அந்தப் பணத்தில் புதியவர்களுக்கு உடுப்பு வாங்கிக் கொடுக்கும் கில்டும் உண்டு. பெர்லினில் இருப்பவர்களுக்கு மகமை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சாலையில் பயம் இருந்து, சரக்கும் இருந்தால், மனிதர்கள் கொஞ்ச காலத்தில் பேட்டையும் மகமையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்லித்தருவதில் எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் வெற்றி பெறாது.

பறிபோகும் பொருளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சிவப்பிலோ கறுப்பிலோ ஒருவர் வீழ்ந்தால் அவருடைய உடைமை எல்லாம் அப்படியே கொன்றவன் கைக்குப் போவதில்லை. ஒரு பங்கு அங்கேயே நொறுங்கி அழிந்துபோகிறது. முதலில் இது அநியாயமாகப் பட்டது. பிறகு யோசித்தால், அதில்தான் அந்த உலகத்தின் எல்லாப் பட்டறைகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. செய்த வாள் எதுவும் அழியாமல் கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டே இருந்தால், கொஞ்ச காலத்தில் சந்தையில் வாள் குவிந்து கொல்லனுக்கு வேலை இல்லாமல் போகும். அந்த உலகத்தில் பூதங்களைக் கொன்றால் கிடைக்கும் பொருளில்கூடப் பெரும்பகுதி யாரோ ஒரு ஆட்டக்காரர் செய்ததுதான். கார்லியனின் கள்ளச் சந்தை அவரிடமிருந்து வாங்கிப் பூதங்களிடம் அனுப்புகிறது. இதைச் சிவகாசிக்காரருக்கு விளக்கவே வேண்டாம். ஓர் ஆண்டு முழுக்கச் செய்தது ஒரே இரவில் வெடித்துத் தீர்ந்தால்தான் மறுபடி பூஜை போட்டு ஆலையைத் திறக்க முடியும் என்ற கணக்கில் மூன்று தலைமுறையாக வாழ்கிறவர்கள் நாம். நம் இளைஞர் சொன்னார்: "அண்ணாச்சி, இந்த எக்கானமி எங்களுக்கு உடனே பிடிபட்டுடும். மத்த ஊர்ப் பையங்களுக்குத்தான் சொல்லிக் கொடுக்கணும்."

ஆனால் இங்கே ஒரு கோடு கிழித்தாக வேண்டும். ஆட்டத்தில் செத்தால் போவது உடுப்பு. பக்கத்து நகரத்தில் எழுந்து நின்று மறுபடி மரம் வெட்டலாம். 2012 செப்டம்பர் 5-ஐ, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தை, நம்மில் யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கோடையிலும் கேட்ட சத்தங்களையும் மறக்கவில்லை. ஆபத்தை விலை பேசும் ஆட்டத்தைப் பிள்ளைகள் ஆடட்டும். மருந்து அறையில் அளவு மீறியும் ஆள் மீறியும் வேலை நடக்கும் இடத்தில் அந்தப் பேரம் கூடவே கூடாது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது.

இந்த வகை ஆட்டங்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுத்தாலேயே ஆடும் பலபேர் உலகம் ஒன்றைச் செய்தார்கள். படம் கிடையாது, படித்துப் படித்து ஆட வேண்டும். 1997 செப்டம்பரில் அமெரிக்காவில் அல்டிமா ஆன்லைன் வந்தது. அதைச் செய்தவர்களுக்கு ஓர் அழகான ஆசை இருந்தது. புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும், எல்லாம் இயற்கைபோல் தானாக நடக்கும் என்று கணக்குப் போட்டுவைத்தார்கள். ஆட்களைத் திறந்துவிட்டதும் என்ன ஆயிற்று? முயலும் மிச்சமில்லை, ஓநாயும் மிச்சமில்லை. பெருகுவதற்குள் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தீர்த்துவிட்டார்கள். அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

2003-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த ஈவ் ஆன்லைன் இன்னும் பெரிய கதை. விண்வெளியில் கப்பல் கட்டி, சுரங்கம் தோண்டி, வியாபாரம் செய்யும் ஆட்டம் அது. அதன் பொருளாதாரத்தைக் கவனிக்கவே 2007-இல் எயோல்ஃபுர் குட்முண்ட்ஸ்ஸன் என்ற பொருளியல் அறிஞரை வேலைக்கு வைத்தார்கள். அவர் பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 2008 முதல் ஆடுகிறவர்களே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2009-இல் அங்கே ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்தவரே பணத்தை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு முண்டியடித்தார்கள். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் இடத்துக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் போக, அந்த ஓட்டையில் எதிரிகள் நுழைந்தார்கள். ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் நீண்ட சண்டையில் 7,500-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அழிந்த கப்பல்களின் மதிப்பு 3 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதைக் கந்துக் கணக்குப் பார்க்கிற நம் கடைவீதி அண்ணாச்சிகள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கதைகளில் எல்லாம் சண்டையைவிடக் கணக்கும் நம்பிக்கையும்தான் என்னை இழுக்கின்றன. முகம் தெரியாதவனிடம் சரக்கை ஒப்படைப்பது, பொதுப்பணத்தை ஒருவர் கையில் விடுவது, அவர் ஏமாற்றினால் என்ன செய்வது என்று பேசிவைப்பது, இவை பெரிய படிப்புகள். உறவின்முறையில் முறைகாரர் என்ற நிர்வாகப் பொறுப்பு முறை வைத்துச் சுற்றி வந்ததற்குப் பின்னால் இந்தப் படிப்பு இருந்தது. நம் இளைஞரின் கில்டில் பொதுக்கிடங்கிலிருந்து யார் எதை எடுத்தார் என்று ஒரு பெண் நோட்டில் எழுதிவைக்கிறார். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறவர். "கம்ப்யூட்டர்லயே பதிவு இருக்கே, எதுக்கும்மா நோட்டு?" என்று கேட்டேன். "என்ன எடுத்தாங்கன்னு அது சொல்லும் அண்ணாச்சி. ஏன் எடுத்தாங்கன்னு இதுல இருக்கும்" என்றார். அந்தப் பதிலுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

மனத்துக்கு ஒவ்வாதவையும் இருக்கின்றன. மரம் வெட்டுவதும் கல் உடைப்பதும் ஒரு கட்டத்துக்கு மேல் குரோஸ் கணக்கில் கூலி பார்க்கும் வேலை மாதிரி ஆகிவிடுகின்றன. பகலெல்லாம் பீஸ் ரேட்டில் கை ஓடியவன் இரவிலும் அதையே திரையில் செய்கிறான் என்றால் ஓய்வு எங்கே என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. இலவசம் என்றாலும், காசு கட்டிச் சந்தா வைத்திருப்பவருக்கு வளர்ச்சி வேகமாக இருக்கிறது. விளையாட்டுக்குள் சேர்த்த வெள்ளிக்கு அந்தச் சந்தாவை வாங்கும் வழி உண்டு என்றாலும் புதியவருக்கு அது எட்டாக் கனிதான். மேலும் இது தமிழில் இல்லை. சந்தையில் விலை பேசத் தெரிந்த ஒரு பிள்ளை ஆங்கிலப் பட்டியலைக் கண்டு மலைத்துப் பின்வாங்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பெற்றோர்கள் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் தடுப்பது, பணம் கட்டிப் பணம் எடுக்க ஆடும் ஆட்டங்களை. நம் மாநிலம் அதற்கு முன்பே இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. அதற்குப் பின்னால் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆல்பியனில் சேர்த்த வெள்ளியை ரூபாய்க்கு விற்பதை நிறுவனத்தின் விதியே தடுக்கிறது. "எனக்குப் பணம் அனுப்பு, வெள்ளி தருகிறேன்" என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் முகம் தெரியாதவர்களோடு இரவில் குரலில் பேசிக்கொண்டு ஆடுவதை நான் ஏற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மூட்டையை எங்கே கொண்டுபோறே, அங்கே என்ன விலை?" என்று கேளுங்கள். கடை வைத்திருக்கும் அப்பாவுக்கும் ஆட்டம் ஆடும் மகளுக்கும் பேச இதைவிட நல்ல விஷயம் கிடைப்பது கடினம்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது: நம் ஊர்க் கதையே ஓர் ஆட்டமாக வேண்டும். வெம்பக்கோட்டை அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்ததைப் படித்திருப்பீர்கள். வைப்பாற்றங்கரையில் பழங்காலத்திலேயே ஆட்டம் இருந்திருக்கிறது, சங்கு வளையலும் மணியும் செய்து விற்ற பட்டறையும் இருந்திருக்கிறது. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் ஒரு சிறு குழு 2023-இல் ‘வெண்பா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களைதான் அதன் களம். 2024-இல் அதற்கு பாஃப்டா விருதும் கிடைத்தது. இட்லி வேகவைப்பதை உலகம் ஆடிப் பார்க்கும் என்றால், கரிசலில் வண்டி கட்டிப் புறப்பட்டு, பேட்டையில் இறங்கி, மகமை போட்டு, ஊர் உண்டாக்கும் ஆட்டத்தை ஏன் ஆடாது? கதை எழுத வேண்டியதில்லை. சாலையையும் சந்தையையும் மழை பொய்க்கும் வானத்தையும் ஒழுங்காக அமைத்துவிட்டால் போதும். சாத்தூர்ச் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் அங்கே தாமாக வந்து சேரும். நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் இதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் இப்போதே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் யாராவது இதை ஒரு வகுப்புப் பணியாக எடுத்துக்கொண்டால், ஊர்ச் சரித்திரம் சொல்லும் பெரியவர்களை அவர்களிடம் அழைத்துவரும் வேலையை இந்தப் பத்திரிகை செய்யும்.

அடுத்த இதழில் இதற்காகச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். பேட்டையில் தங்கிய வண்டிகளைப் பற்றி வீட்டில் கேட்டிருப்பவர்கள், பழைய மகமை நோட்டு வைத்திருப்பவர்கள், எழுதுங்கள். நோட்டின் படத்தை மட்டும் அனுப்பினால் போதும், மூலத்தை அனுப்பவேண்டாம். ஆல்பியனோ வேறு எந்த ஆட்டமோ ஆடுகிற இளையவர்கள், ஒரு சரக்கை எங்கே வாங்கி எங்கே விற்றீர்கள், வழியில் என்ன நடந்தது என்பதை உங்கள் பேச்சு நடையிலேயே எழுதி அனுப்புங்கள். கில்டுக் கணக்கு எழுதும் அந்தத் தங்கை தன் நோட்டிலிருந்து இரண்டு பக்கம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவற்றையும், நீங்கள் அனுப்பும் மகமை நோட்டுப் பக்கங்களையும், எதிரெதிரே வைத்து அச்சிடப் போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்